மணிக்கட்டில் ஒரு கணக்கப்பிள்ளை

இந்த மாதம் நாவல் எதையும் விமரிசனம் செய்வதாக இல்லை. மேஜைமேல் மூன்று நாவல்கள் கிடக்கின்றன. மூன்றிலும் பாதி படித்தேன். மிச்சப் பாதியைப் படிக்கத் தெம்பு வரும்போது அவற்றைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பதிலாக, கடந்த பதினான்கு மாதங்களாக இரவு பகல் என்று பாராமல் நான் படித்து வருகிற ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். அது என் இடது மணிக்கட்டில் இருக்கிறது. என் மகள் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச். மணி காட்டுவது அதற்கு உபதொழில்தான். பிரதானத் தொழில் என் நாடியை எண்ணுவது.

இதில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மனிதனுடைய நெஞ்சுக்குள் நடப்பதை நான் சொல்கிறேன் என்று முன்வருகிற எதுவும் நாவலாசிரியனுக்குப் போட்டிதான். போட்டிக்காரனின் சரக்கு எப்படி என்று பார்த்துக் கொள்ள எனக்கு உரிமை உண்டு.

முப்பது வருஷமாக நான் எழுதிய நாவல்களில் எத்தனையோ கதாநாயகிகளுக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது. கதாநாயகர்களுக்கு இதயம் ஒரு கணம் நின்று, பிறகு ஓடியிருக்கிறது. இந்தக் கடிகாரம் வந்த புதிதில், ஒரு பிரிவுக் காட்சியைக் கண்ணில் நீர் மல்க எழுதி முடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். 71. மறுநாள் காலை, என் பழைய நாவல் ஒன்றைப் பற்றி ஒரு விமரிசகர் எழுதியிருந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். 98. இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அது எண்ணுகிற விதம் எளிமையானது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்குகிறது. ரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் சற்று அதிகமாக வந்து போகிறது. அப்போது திரும்பி வருகிற ஒளி சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவை எண்ணிக்கொண்டே போனால் நாடி. இந்த வித்தை கடிகாரக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஹெர்ட்ஸ்மன் என்கிற அமெரிக்க உடலியல் நிபுணர் 1930-களிலேயே தோல்மேல் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி செய்துவிட்டார். ஓட்டக்காரர்களுக்காக ஃபின்லாந்து நாட்டுப் போலார் நிறுவனம் 1982-ல் விற்ற நாடிக் கடிகாரம் வேறு ரகம். அதற்கு மார்பில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது கடிகாரத்தின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கழுத்தில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பலமுறை சோதித்துவிட்டேன். ஆனால் கை அசைந்தால் அது தடுமாறுகிறது. வார் தளர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து குழப்புகிறது. வேகமாக நடக்கும்போது சில சமயம் காலடியை எண்ணி அதையே நாடி என்று காட்டிவிடுகிறது. ஒரு நாள் என் மனைவி இதைக் கட்டிக்கொண்டு அம்மியில் துவையல் அரைத்தாள். 143 என்று காட்டியது. அவள் முகத்தில் வியர்வை கூட இல்லை.

நாடியைக் கடிகாரத்தோடு முடிச்சுப் போட்டவர் ஜான் ஃபிளாயர் என்கிற ஆங்கில வைத்தியர். ஒரு நிமிஷம் ஓடி நிற்கிற மாதிரி கடிகாரம் ஒன்று செய்யச் சொல்லி, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். அதற்கு முன்னால் வைத்தியர்கள் பெரும்பாலும் விரல் நுனியால் படித்தவர்கள்தாம். நம் சித்த வைத்தியர் மூன்று விரலை வைப்பார்: ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடு விரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். எத்தனை துடிப்பு என்று அவர் கேட்பதில்லை. அன்னம் போல நடக்கிறதா, ஆமை போலவா, பாம்பு போல ஊர்கிறதா என்று பார்ப்பார். உவமையால் படித்தவர்கள் எல்லோரும் சரியாகப் படித்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. உவமை சொல்லிப் பிழைக்கிறவனுக்கு உவமை எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் என்பது தெரியும். எண் வந்தது நல்லதுதான். ஆனால் மூன்று விரல் வைத்தவர் கையைப் பிடித்தபடியே, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே? தூக்கம் எப்படி? வயிறு போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். எண் வந்த பிறகு அந்தக் கேள்விகளை யார் கேட்பது என்பதுதான் சங்கதி. இதற்கு மறுபடியும் வருகிறேன்.

இந்தக் கடிகாரங்களைச் சுற்றி இப்போது ஒரு கதை வகையே வளர்ந்திருக்கிறது. "கடிகாரம் உயிர் காத்தது" என்று அதற்குப் பெயர் வைக்கலாம். விளம்பரத்தில் வருகிறது, பத்திரிகையில் வருகிறது, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். அமைப்பு எப்போதும் ஒன்றுதான். கதாநாயகனுக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியாது. நடுராத்திரி கடிகாரம் அதிர்ந்து எச்சரிக்கிறது. அவன் அலட்சியம் செய்கிறான். மனைவி வற்புறுத்துகிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் போயிருந்தால்…" என்று பாதியில் நிறுத்துகிறார்.

இந்தக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இப்படி நடந்திருக்கிறது. ஆனால் தல புராணம் எழுதுகிறவர் எப்படி எழுதுவார்? குளத்தில் மூழ்கிப் பார்வை பெற்ற குருடனைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும். மூழ்கிவிட்டு, வந்தபடியே தடவிக்கொண்டு ஊர் திரும்பியவர்களுக்கு அத்தியாயம் கிடையாது. அவர்களையும் எண்ணிப் பார்த்தால்தான் குளத்தின் மகிமை தெரியும்.

அப்படி எண்ணிப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் பணத்தில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைக்காரர்கள் நடத்திய ஆராய்ச்சி, 2019-ல் வெளியாயிற்று. 4,19,297 பேர் சேர்ந்தார்கள். கடிகாரம் தேடியது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிற ஒழுங்கற்ற துடிப்பை. இதயத்தின் மேலறைகள் தாளத்தோடு சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஆகவே தேட வேண்டிய வியாதிதான். நாலு லட்சத்துச் சொச்சம் பேரில் கடிகாரம் எச்சரித்தது 2,161 பேரை. அதாவது ஆயிரத்துக்கு ஐந்து பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மார்பில் ஒட்டிக்கொள்ளும் ஈ.ஸி.ஜி. பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். ஒட்டிக்கொண்டு, சரியாகத் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர்தான். அவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு அந்தத் துடிப்பு பட்டையில் தெரிந்தது. இது வந்து வந்து போகிற வியாதி. பட்டை ஒட்டிய வாரத்தில் வரவில்லை என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பட்டை மார்பில் இருக்கும்போதே கடிகாரமும் எச்சரித்த சமயங்களில், நூற்றுக்கு 84 தடவை கடிகாரம் சொன்னது சரியாக இருந்தது. கணக்கப்பிள்ளையைப் பாராட்ட வேண்டிய இடம் இது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. விளம்பரக் கதையில் அவை வருவதில்லை. எச்சரிக்கப்பட்டவர்கள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு மூன்று பேர். நாற்பதுக்குக் கீழே ஆயிரத்துக்கு இரண்டு பேர் கூட இல்லை. சேர்ந்தவர்களில் பாதிக்குமேல் இந்த இளவட்டம்தான். இது தாத்தாவுக்கான கதை. வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் பேரன். இரண்டாவது, கடிகாரம் வாயே திறக்காத நாலு லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வியாதி இருந்தது என்று தேட அந்த ஆராய்ச்சியில் ஏற்பாடு இல்லை. கடிகாரம் பேசினால் என்ன அர்த்தம் என்று ஓரளவு தெரிந்தது. பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது தெரியவில்லை.

கண்டுபிடித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்பதும் கேள்வி. டென்மார்க்கில் எழுபதிலிருந்து தொண்ணூறு வயதுக்குட்பட்ட ஆறாயிரம் பேரை வைத்துச் செய்த சோதனை 2021-ல் வெளியாயிற்று. ஒரு சாராருக்குத் தோலுக்கடியிலேயே கருவியைப் புதைத்து இதயத்தைக் கவனித்தார்கள். மற்றவர்களை வழக்கம்போல விட்டுவிட்டார்கள். கருவி வைத்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு வியாதி கண்டுபிடிக்கப்பட்டது. மற்றவர்களில் 12 பேருக்கு. ஆனால் பக்கவாதம் வந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், தற்செயலாக வந்ததல்ல என்று அடித்துச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. கண்டுபிடிப்பது வேறு, காப்பாற்றுவது வேறு என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். டாக்டர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கதை 2020-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வந்தது. இரண்டு மூன்று பக்கம்தான். என் மேஜைமேல் கிடக்கிற மூன்று நாவல்களைவிட அது என்னை அதிகம் உலுக்கியது. அமெரிக்காவில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர். மேற்சொன்ன துடிப்பு வியாதி அவருக்கு உண்டு, வைத்தியமும் நடந்துகொண்டிருந்தது. கையில் ஈ.ஸி.ஜி. எடுக்கிற கடிகாரம். ஒரு வருஷத்தில் அவர் தன் இதயத்தை 916 முறை படம் எடுத்துப் பார்த்தார். படம் தெளிவில்லை என்று கடிகாரம் சொன்னால் அது வியாதி முற்றியதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இதயம் மோசமாகவில்லை. பயம் மோசமாயிற்று, கடைசியில் அதற்குத்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கட்டுரையாளர்கள் அதை வைத்தியர்களுக்கே உரிய வறண்ட நடையில் எழுதியிருக்கிறார்கள். இராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல், போர்வைக்குள் மணிக்கட்டை மறைத்துக்கொண்டு பார்க்கிற ஒரு கிழவி அதற்குள் இருக்கிறாள். அவளை ஏன் நம் கதைகளில் ஒருவரும் எழுதவில்லை?

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடிகாரம் எனக்குச் செய்த உபகாரம் உண்டு. அதை ஒரு நாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கில் பார்த்தால் தெரிகிறது. வந்த புதிதில், ஓய்வாக இருக்கும்போது என் நாடி 78. சாயங்காலம் நாற்பது நிமிஷம் நடக்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் 70-க்கு இறங்கிற்று. நடப்பதற்கு எனக்கு இதைவிடத் தூண்டுதலாக வேறெதுவும் இருந்ததில்லை என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மார்கழியில் இரண்டு நாள் ராத்திரி நாடி பத்து ஏறி நின்றது. மூன்றாம் நாள் ஜுரம் வந்து படுத்தேன். நாள்பட்ட கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கிற கணக்கப்பிள்ளை வீட்டில் இருப்பது நல்லதுதான். ஆனால் அது போடுகிற எல்லைக்கோடுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு வயது 63. 220-லிருந்து வயதைக் கழித்து, 157-க்கு மேல் என் இதயம் போகாது என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். 1971-ல் வந்த ஒரு கட்டுரையில், கிடைத்த சில விவரங்களுக்குக் குறுக்கே உத்தேசமாகக் கிழித்த கோடு அது. 2001-ல் வேறொரு கணக்கு வந்தது. அதன்படி எனக்கு 164. தனி மனிதன் இரண்டிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு விலகியிருப்பது சகஜம். இடைவெளி பெரிதல்ல என்று நினைக்கலாம். 157-ஐத் தாண்டியதும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார்.

இவ்வளவும் எழுதியது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடத்தான் என்று இப்போது தெரிகிறது.

என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் தான் இந்த மாதிரிக் கடிகாரத்தைச் சிபாரிசு செய்தேன். என்னைவிட நாலு வயது இளையவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. கணக்கில் பிரியம் உள்ள மனிதர். காலையில் போனில் பேசும்போது, "மச்சான், இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பார். இருவரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு நாள் விடியற்காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நாலு மணியிலிருந்து நெஞ்சில் ஏதோ அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். வலி என்று சொல்ல முடியாது, வாயுவாக இருக்கும் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, வாட்சில எவ்வளவு காட்டுது?" என்பதுதான். "எழுபத்தாறு மச்சான். ஈ.ஸி.ஜி.யும் எடுத்துப் பார்த்தேன். ஒழுங்கா இருக்குன்னு போட்டிருக்கு." எனக்கு நிம்மதி ஆகிவிட்டது. "அப்போ ஒண்ணும் இல்லே. சுடுதண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க" என்றேன். வியர்த்ததா என்று கேட்கவில்லை. இடது கையிலோ தாடையிலோ ஏதாவது செய்கிறதா என்று கேட்கவில்லை. மனிதர்களிடம் என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டுக் கேட்டே முப்பது வருஷம் பிழைத்தவன் நான்.

ஒன்பது மணிக்குத் தங்கை அக்கம்பக்கத்தாரை அழைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. உடனே திறந்தார்கள். அந்த டாக்டர் சாவதானமாக எனக்கு விளக்கினார். மாரடைப்பின்போது நாடி கூடலாம், குறையலாம், ஒன்றுமே நடவாதது போலவும் ஓடலாம். ஆஸ்பத்திரி ஈ.ஸி.ஜி. இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பார்க்கிறது. கடிகாரம் ஒரே கோணத்திலிருந்து, தாளம் சரியா என்று மட்டும் பார்க்கிறது. கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஒழுங்காக அடிக்கிறது என்பதால் சமையலறையில் தீப்பிடிக்கவில்லை என்று ஆகுமா? சர்க்கரை வியாதிக்காரர்கள் சிலருக்கு வலி மழுங்கித் தெரியலாம். குழாய் அடைத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் சதை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். நாலு மணிக்குத் தொடங்கியது. ஆறு மணிக்கே புறப்பட்டிருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரம்.

விற்றவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கடிகாரத்தோடு வந்த குறிப்புகளைப் பிறகு எடுத்துப் படித்தேன். இந்தக் கருவி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது, நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்தால் உடனே வைத்திய உதவியைத் தேடுங்கள் என்று அச்சடித்திருக்கிறது. அந்த வரி எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கிறது. நூல் முழுவதையும் படிக்காமல் அபிப்பிராயம் சொல்கிற விமரிசகர்களை நான் எத்தனையோ தடவை இந்தப் பக்கங்களில் திட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். நல்ல இதயம் ஒரு துடிப்புக்குத் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு 55-க்கு மேல் வெளியே தள்ளும் என்கிறார்கள். அவருடையது 35 தள்ளுகிறது. இந்த எண் மணிக்கட்டில் தெரியாது.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மாடியில் இருந்த கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கிப் போட்டிருந்தார்கள். கடிகாரம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. பழக்கம் விடவில்லை. என்னைப் பார்த்ததும் திருப்பிக் காட்டி, "அறுபத்தெட்டு, மச்சான்" என்றார்.

"அது இருக்கட்டும். மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

வாசல்வரை போய்விட்டு வந்தால் இரைக்கிறது என்றார். படுத்தால் அதிகமா, உட்கார்ந்தால் குறைகிறதா, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, கால் வீங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் ஒரு சொல், இரண்டு சொல்லாகப் பதில் வந்தது. பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார், அந்த விடியற்காலை நாலு மணியிலிருந்து. தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.